முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தில் சொத்து விவரம்: நம் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இயங்கிய பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும், மாநில அரசிடமிருந்து 3 லட்சமும் அறிவிக்கப்பட்டன. அறிவிப்புகள் செய்தியாக வந்தன, பிறகு செய்தி ஓய்ந்தது. அதன் பின் வருவதுதான் நீண்ட காலம். மகன் சம்பாத்தியத்தில் இருந்த பெற்றோர், கணவன் கூலியில் இருந்த மனைவி, இவர்கள் மாதா மாதம் எதை வைத்து அடுப்பு மூட்டுவது? வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி பக்கத்தில் இப்படியான வீடுகள் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கூடுகின்றன. விபத்து நடக்காத வீடுகளிலும், முப்பது வருடம் திரி வெட்டி, குழாய் உருட்டி, மருந்து தொட்ட கையோடு அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒன்றுதான்: தாலுகா அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியரின் மேசை.

அந்த மேசையில் மனுக்கள் திரும்புவதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, "சொத்து இருக்கிறது" என்பது. சில நேரம் அது உண்மை. பல நேரம் பாதி உண்மை. சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் மஹல்லாக்களில் உள்ள நம் குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம் வாரிசுரிமை வேறு மாதிரி. யாருக்கு எவ்வளவு சொத்து என்பது பட்டாவில் தெரியாது, மௌத்தான அந்த நிமிடத்தில் ஷரீஅத் பங்குப்படி தீர்மானமாகிவிடுகிறது. விண்ணப்பம் எழுதுபவருக்கும் தெரிவதில்லை, விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவதில்லை. இந்தக் கட்டுரையை நாங்கள் எழுத நினைத்ததே அதனால்தான்.

எந்தெந்த உதவித்தொகை

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது 1962 ஏப்ரல் 1 அன்று, விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது. அன்று மாதம் 20 ரூபாய், மணியார்டரில் தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். மத்திய அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1995 ஆகஸ்ட் 15ல் வந்தது. 2007ல் இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்டது. 65 என்றிருந்த வயது 2011ல் 60 ஆகக் குறைக்கப்பட்டது. மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80க்கு மேல் 500 ரூபாய். மீதியை மாநிலம் போடுகிறது. மாநிலத்தில் 2011ல் 1,000 ஆன தொகை, 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ஆனது.

"முதியோர் பென்ஷன்" என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல திட்டங்கள். 60 வயது நிறைந்தவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம். 40 வயது கடந்த, வறுமைக் கோட்டுப் பட்டியலில் உள்ள விதவைகளுக்கு மத்தியத் திட்டம். 18 வயதிலிருந்தே ஆதரவற்ற விதவைகளுக்கு 1975 முதல் நடைபெறும் மாநிலத் திட்டம். 30 வயது கடந்த கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு ஒன்று, திருமணமாகாமல் 50 வயதைத் தாண்டிய ஏழைப் பெண்களுக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று. ஆலிம்களுக்கும் பள்ளிவாசல் பணியாளர்களுக்கும் வக்பு வாரியம் வழியாக வரும் உலமா ஓய்வூதியம் இவற்றோடு சேர்ந்ததல்ல, அது தனி வழி.

இருபத்தைந்து வயதில் கணவனை விபத்தில் இழந்த பெண்ணிடம் "உனக்கு வயசு பத்தாது" என்று யாராவது சொல்லி அனுப்பினால், அவர் 40 வயதுத் திட்டத்தை நினைத்துச் சொல்கிறார் என்று அர்த்தம். ஆதரவற்ற விதவை உதவித்தொகை என்று பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சொத்து என்று எதைக் கேட்கிறார்கள்

மாநில விதியில் "ஆதரவற்றோர்" என்பதற்கு ஓர் அளவுகோல், விண்ணப்பதாரருக்கு உள்ள நிலையான சொத்தின் மதிப்பு. நிலையான சொத்து என்றால் நிலம், மனை, வீடு. இந்த உச்சவரம்பு நீண்ட காலம் 50,000 ரூபாயாக இருந்து, பிறகு 1 லட்சமாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள வரம்பு எது என்பதைத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அரசாணைகள் அவ்வப்போது மாறுபவை.

1 லட்சம் என்பது இன்றைய மனை விலைக்கு ஒன்றுமே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சென்ட் 435 சதுர அடி சொச்சம். மூன்று சென்ட் நத்தம் மனை, அதில் ஓட்டு வீடு. சதுர அடி 100 ரூபாய் என்று வழிகாட்டி மதிப்பு இருந்தால்கூட மனை மட்டும் 1,30,000 தாண்டிவிடும். ஆகவே சொந்த வீட்டில் குடியிருக்கும் ஏழை முதியவர் காகிதப்படி "வசதியானவர்" ஆகிவிடுகிறார். ஜகாத்துக்கு நிஸாப் கணக்கிடும்போது குடியிருக்கும் வீட்டை நாம் சேர்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் முதியோர் ஓய்வூதியத்துக்குச் சொத்துக் கணக்கு பார்க்கும்போதும் குடியிருக்கும் வீட்டை விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரில் உள்ள நம் உறவுகள் அறிந்த சில்வர் சப்போர்ட் திட்டத்தில், ஐந்தறை வரையிலான வீவக வீட்டில் வசிப்பவர்களும் வரலாம்; ஐந்தறை அல்லது அதைவிடப் பெரிய வீவக வீடோ, தனியார் வீடோ, இரண்டாவது வீடோ சொந்தமாக இருந்தால் தடை. நம் மாநில விதியும் ஒரு நாள் அந்தத் திசையில் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதுவரை இருக்கிற விதிக்குள் உண்மையைச் சரியாகச் சொல்வதுதான் வழி.

மகளிர் உரிமைத்தொகைக்கும் இதற்கும் அளவுகோல் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 2023 செப்டம்பர் 15ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நிலம் ஏக்கர் கணக்கில் பார்க்கப்படுகிறது: 5 ஏக்கருக்கு மிகாத நன்செய் அல்லது 10 ஏக்கருக்கு மிகாத புன்செய். மதிப்பு அல்ல, பரப்பு. "அதற்கு எங்கள் நிலத்தை ஒத்துக்கொண்டார்களே, இதற்கு ஏன் இல்லை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

பங்கு தெரியாமல் எழுதினால் வரும் நஷ்டம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கணவர் மௌத்தாகி பத்து வருடம். வீட்டுப் பட்டா இன்னும் அவர் பெயரில்தான். மனைவி 64 வயது, அந்த வீட்டில்தான் இருக்கிறார். விண்ணப்பத்தில் "சொந்த வீடு உள்ளதா?" என்ற கேள்விக்கு இ-சேவை மையத்தில் "ஆம்" என்று தட்டிவிடுகிறார்கள். விசாரணைக்கு வந்தவர் வீட்டைப் பார்க்கிறார், 4 லட்சம் பெறும் என்று எழுதுகிறார். மனு தள்ளுபடி.

ஷரீஅத் கணக்கு என்ன? 1937ஆம் ஆண்டின் முஸ்லிம் தனிநபர் சட்டம் (ஷரீஅத்) அமலாக்கச் சட்டப்படி நம் வாரிசுரிமை தீர்மானமாகிறது. மத்தியச் சட்டத்தில் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தாலும், அன்றைய சென்னை மாகாணம் 1949ல் கொண்டுவந்த திருத்தத்தால் இங்கே விவசாய நிலத்துக்கும் அதுவே பொருந்துகிறது. பிள்ளைகள் உள்ள மனைவிக்குக் கணவர் சொத்தில் எட்டில் ஒரு பங்கு. பிள்ளைகள் இல்லையென்றால் நான்கில் ஒன்று. மேலே சொன்ன குடும்பத்தில் இரண்டு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மதிப்பு 4 லட்சம். மனைவிக்கு 50,000. மீதி 3,50,000ஐ ஐந்து பாகமாக்கி, மகன்களுக்கு இரண்டிரண்டு பாகம், மகளுக்கு ஒரு பாகம்: மகன்களுக்குத் தலா 1,40,000, மகளுக்கு 70,000. ஆக அந்த அம்மாவின் சொத்து 50,000 ரூபாய் மட்டுமே. 4 லட்சம் அல்ல. வரம்புக்கு உள்ளே வருகிறார்.

முஸ்லிம் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற ஒன்றே கிடையாது. பாகம் பிரிக்காமல் எல்லோரும் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொருவர் பங்கும் தனித்தனியாக அவரவருடையது. இதைச் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டில் குடியிருப்பது வேறு, வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பது வேறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. "பட்டா என் பெயரில் இல்லை, எனக்குச் சொத்தே இல்லை" என்று எழுதுவதும் தவறு. எட்டில் ஒன்று உங்களுடையதுதான். அதை எழுதுங்கள், மதிப்போடு எழுதுங்கள். அதேபோல மனைவி இறந்தால் கணவருக்குப் பங்கு உண்டு: பிள்ளைகள் இருந்தால் நான்கில் ஒன்று, இல்லையென்றால் பாதி. மகன் இறந்தால், அவனுக்குப் பிள்ளைகள் இருக்கும் நிலையில், தாய்க்கு ஆறில் ஒன்று, தகப்பனுக்கு ஆறில் ஒன்று. ஆலை விபத்தில் இறந்த மகன் பெயரில் ஒரு மனை இருந்தால், அந்த மனையில் ஆறில் ஒரு பங்கு பெற்ற தாயுடையது. பல தாய்மார் "அது மருமகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். விட்டுக்கொடுப்பது நல்லது. ஆனால் எழுத்தில் விட்டுக்கொடுக்காதவரை சட்டப்படி அது அவர் சொத்தே, விண்ணப்பத்தில் சொல்ல வேண்டியதே.

எந்தப் பங்கையும் கணக்கிடும் முன் இறந்தவரின் கடன் கழிய வேண்டும். கொடுக்கப்படாத மஹரும் கடன்தான். வசிய்யத் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை அது செல்லும். வாரிசு ஒருவருக்கே எழுதியிருந்தால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

இளம் விதவையும் மாமனார் வீடும்

இதைத் தனியாகச் சொல்கிறோம், ஏனென்றால் பட்டாசு வட்டாரத்தில் அதிகம் பாதிக்கப்படுவது இவர்கள்தான். மகன் இறந்துவிட்டான். மாமனார் உயிரோடு இருக்கிறார், வீடு அவருடையது. மருமகள் பிள்ளைகளோடு அந்த வீட்டிலேயே இருக்கிறார். விசாரணை அறிக்கையில் "புகுந்த வீட்டில் சொத்து உள்ளது" என்று எழுதப்படுகிறது. மற்ற சமூகங்களில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்ற பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். எழுதியவரைக் குறை சொல்வதில் பயனில்லை.

நம் சட்டத்தில் உயிரோடு இருப்பவரின் சொத்தில் யாருக்கும் பங்கு இல்லை. தகப்பனுக்கு முன்பே மகன் இறந்தால், அந்த மகனுக்கு அந்த வீட்டில் எதுவும் வந்து சேரவில்லை. அவன் மனைவிக்கும் அவன் வழியாக எதுவும் வராது. பின்னர் மாமனார் இறந்தாலும், அவருக்கு வேறு மகன்கள் இருந்தால் பேரப் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. ஆகவே அந்த இளம் விதவை சொத்து எதுவும் இல்லாதவர். விண்ணப்பத்தோடு மாமனார் பெயரில் உள்ள பட்டா நகலையும் கணவரின் இறப்புச் சான்றிதழையும் இணைத்து, "வீடு மாமனாருடையது, அவர் உயிருடன் உள்ளார், எனக்கு அதில் உரிமை இல்லை" என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். (பேரப் பிள்ளைகளுக்கு ஏதாவது சேர வேண்டும் என்று நினைக்கும் பாட்டனார்கள், தாம் இருக்கும்போதே ஹிபா கொடுக்கலாம் அல்லது மூன்றில் ஒன்றுக்குள் வசிய்யத் எழுதலாம். அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கத் தயங்க வேண்டாம்.)

விபத்து நிவாரணப் பணம் வங்கியில் இருந்தால்? அது நிலம் வீடு அல்ல, நிலையான சொத்தில் வராது. ஆனால் அதிலிருந்து வட்டியோ மாத வருமானமோ வந்தால் வருமானம் என்ற கேள்வியில் சொல்ல வேண்டும். அந்தப் பணத்தில் மனை வாங்கினால் அன்றிலிருந்து அது சொத்து. ஆலையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்திருந்தால், பணியின்போது இறந்தவரின் குடும்பத்துக்கு மாதந்தோறும் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு. வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால் விதவைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இவை வருகின்றன என்றால் மறைக்காதீர்கள். வரவில்லை என்றால், 1,200 ரூபாய்க்கு அலையும் முன்பே இவற்றைக் கேட்டுப் பாருங்கள். தொகை இதைவிடக் கூடுதலாக இருக்கும். பீஸ் ரேட்டில் வேலை செய்து பதிவேட்டில் பெயரே ஏறாதவர்களுக்குத்தான் இந்த வழி அடைபட்டுப் போகிறது. தொழிலாளர் நலவாரியத்தில் மாத ஓய்வூதியம் வாங்குபவர் வருவாய்த் துறையின் முதியோர் உதவித்தொகையையும் சேர்த்து வாங்க முடியாது, இரண்டில் ஒன்றுதான்.

பட்டா ஒன்று சொல்ல, உண்மை வேறாக இருந்தால்

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அரசின் இணைய சேவையில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு மூன்றையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றும் வழிகாட்டி மதிப்பும் பார்க்கலாம். அலுவலர் பார்ப்பதும் இதே பதிவேடுகள்தான். அவர் பார்க்கும் முன் நாம் பார்த்துவிடுவது நல்லது.

பார்த்தால் ஆச்சரியங்கள் வரும். இருபது வருடத்துக்கு முன் மகள் கல்யாணத்துக்காக விற்ற நிலம் இன்னும் அத்தா பெயரிலேயே பட்டாவில் நிற்கும்; வாங்கியவர் பட்டா மாற்றவே இல்லை. கையில் சல்லிக்காசு இல்லாதவர் பதிவேட்டில் நிலச்சுவான்தார். இதற்கு வில்லங்கச் சான்றில் அந்தக் கிரயம் பதிவாகியிருப்பதைக் காட்டி, நகல் இணைத்தால் தீரும். பத்திரமே பதியாமல் வாய்ப்பேச்சில் கைமாறிய நிலம் என்றால் கஷ்டம்தான்.

கரிசல் மானாவாரி நிலங்களில் இன்னொரு வகை. பாட்டன் பெயரில் இரண்டு ஏக்கர், சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. பாட்டன் போய், அவர் மக்கள் போய், அவர்களின் மக்களில் சிலரும் போய்விட்டார்கள். ஒரு பாகம் பிரியும் முன்பே அடுத்தடுத்த மௌத்துகள் நேர்ந்தால் அதை முனாஸகா என்பார்கள். ஒவ்வொரு மௌத்துக்கும் தனித்தனியாகப் பங்கு போட்டுக்கொண்டே வர வேண்டும். கடைசியில் நம் விண்ணப்பதாரருக்கு நாற்பதில் ஒன்றோ அறுபதில் ஒன்றோ வரும். "கூட்டுப் பட்டாவில் பெயர் இருக்கிறது" என்பதற்காக இரண்டு ஏக்கரும் அவருடையதாகிவிடாது. உங்கள் ஊர் ஆலிமிடமோ வழக்கறிஞரிடமோ பங்கு விவரத்தை எழுதி வாங்கி, வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றோடு இணையுங்கள். வாரிசுச் சான்றில் வாரிசுகளின் பெயர்கள்தான் இருக்கும், பங்கு இருக்காது. அதனால்தான் இரண்டும் வேண்டும்.

பெயர்க் குழப்பம் நம்மிடையே சாதாரணம். ஒரே தெருவில் மூன்று பாத்திமா பீவி, நான்கு செய்யது இப்ராஹிம். ஆதாரில் "பாத்திமா", குடும்ப அட்டையில் "பாத்திமா பீவி", பட்டாவில் "பாத்திமுத்து". ஒருவர் நிலம் இன்னொருவர் கணக்கில் ஏறுவதும், தன் ஆவணமே தனக்கு ஒத்துவராமல் போவதும் இதனால்தான். தகப்பனார் அல்லது கணவர் பெயர், கதவு எண், சர்வே எண் ஆகியவற்றை வைத்து "அந்த நபர் நானல்ல" என்று எழுத்தில் கொடுங்கள். ஆதார் திருத்தம் தேவை என்றால் அதை முதலில் முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

சில நிலைமைகள், சுருக்கமாக. ஒத்திக்கு இருக்கும் வீடு உங்கள் சொத்து அல்ல. வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வக்பு வீடும் அல்ல. பள்ளிவாசல் மனையில் நீங்கள் வீடு கட்டியிருந்தால் மனை வக்புடையது, கட்டடம் மட்டுமே உங்களுடையது. அப்படியே எழுதுங்கள், பள்ளிவாசல் ரசீதை வையுங்கள். புறம்போக்கில் இருப்பவர்கள் அது புறம்போக்கு என்று சொல்ல வேண்டும். வீட்டு வரி ரசீது இருப்பதால் மட்டும் நிலம் உங்களுடையது ஆகாது. அரசுத் திட்டத்தில் கிடைத்த வீடு என்றால் ஒதுக்கீட்டு ஆணையின் நகலை வைத்து, அது எப்படிக் கணக்கில் கொள்ளப்படும் என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் சம்பாதித்து அம்மா பெயரில் வாங்கிய மனை? இது நம் குடும்பங்களில் நிறைய. "காசு மகனுடையது, பெயர்தான் என்னுடையது" என்பது வீட்டுக்குள் செல்லும், அலுவலகத்தில் செல்லாது. பத்திரம் யார் பெயரிலோ சொத்து அவருடையது. அதேபோல் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்த ஊர்களிலிருந்து வந்து குடியேறிய மூத்த பெண்கள் தம் பெயரில் ஊரில் வீடு இருப்பதை மறந்துகூடப் போயிருப்பார்கள். பதிவேடு மறப்பதில்லை.

பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்கலாமா

"வீட்டை மகன் பெயரில் எழுதிவிடுங்கள், பென்ஷன் கிடைத்துவிடும்" என்று ஆலோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாதம் 1,200 ரூபாய்க்காக, தலைக்கு மேல் இருக்கும் ஒரே கூரையை இழக்கச் சொல்லும் ஆலோசனை அது. நாங்கள் அதை ஒருபோதும் சொல்ல மாட்டோம்.

ஹிபா என்பது நிஜமான கொடை. கொடுப்பவர் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், சொத்து அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ஹிபா. வாய்மொழியாகவே செல்லும் என்பது சட்டம். ஆனால் வருவாய்த் துறை கேட்பது பதிவான ஆவணத்தை. பென்ஷனுக்காகக் காகிதத்தில் மட்டும் எழுதிவிட்டு வீட்டைத் தானே வைத்துக்கொள்வது ஹிபாவும் ஆகாது, அலுவலகத்துக்குச் சொல்லும் உண்மையும் ஆகாது.

ஏற்கெனவே உண்மையாகக் கொடுத்துவிட்டவர்கள், செட்டில்மென்ட் பத்திர நகலை இணைத்து, சொத்து இப்போது தம்முடையதல்ல என்று காட்டலாம். கொடுத்த பிறகு பிள்ளை கவனிக்கவில்லை என்றால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது, வருவாய் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் வழக்கு எளிது. இனி எழுதப்போகிறவர்கள் கூச்சப்படாமல் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அதே தீர்ப்பாயத்தில் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்க முடியும்.

தலாக், குலா ஆன பெண்கள்

கணவனால் கைவிடப்பட்டோர் திட்டத்தில் சட்டப்படி விவாகரத்து பெற்றிருக்க வேண்டும், அல்லது ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிடப்பட்டிருக்க வேண்டும். ஜமாஅத் கடிதத்தை மட்டும் கொண்டுபோய் நிற்பவர்கள் திரும்பி வருகிறார்கள். காஜி தரும் தலாக் சான்று ஒரு கருத்து மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியது. தனியார் ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா சான்றை 2023 பிப்ரவரியில் ரத்து செய்து, குடும்ப நல நீதிமன்றத்தை அணுகும்படி சொன்னது. ஆகவே நீதிமன்ற ஆணை இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் ஐந்து ஆண்டுகள் தனியே இருப்பதைக் கிராம நிர்வாக அலுவலர் விசாரணையில் உறுதிப்படுத்த, ஜமாஅத் கடிதம் துணைச் சான்றாக உதவும். சொத்து விஷயத்தில், பிரிந்த கணவரின் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு எதுவும் இல்லை. பிறந்த வீட்டில் அத்தா மௌத்தாகியிருந்தால் மகளுக்கான பங்கு உண்டு. அண்ணன் தம்பி கொடுக்காவிட்டாலும் கணக்கில் அது அவருடையதே. சகோதரிக்குப் பங்கையும் கொடுக்காமல், அந்தப் பங்கின் பேரால் உதவித்தொகையும் கிடைக்காமல் செய்வது இரட்டை அநியாயம். ஜமாஅத் நிர்வாகிகள் தலையிட வேண்டிய இடம் இது.

விண்ணப்பமும் அதன் பிறகும்

இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், கைப்பேசி எண். விதவை என்றால் கணவரின் இறப்புச் சான்று. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தனி வட்டாட்சியருக்குப் போகும். ஒப்புகைச் சீட்டு எண்ணை வாங்காமல் மையத்தை விட்டு வராதீர்கள். சொத்து பற்றிய கேள்வியில் மையத்தில் இருப்பவர் தானாக எதையும் தட்ட விடாதீர்கள். கூட இருந்து, என்ன எழுதுகிறார் என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கணினியில் ஒரு வரிதான் இடம் இருக்கும். அதனால் விரிவை ஒரு தனித் தாளில் எழுதி, கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து இணையுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"மேற்படி முகவரியில் உள்ள வீடு, மறைந்த என் கணவர் பெயரில் பட்டா எண் ... , சர்வே எண் ... ல் உள்ளது. அவருக்கு நானும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் வாரிசுகள். முஸ்லிம் வாரிசுரிமைப்படி என் பங்கு எட்டில் ஒன்று. வழிகாட்டி மதிப்புப்படி என் பங்கின் மதிப்பு சுமார் ... ரூபாய். இதைத் தவிர எனக்கு வேறு நிலமோ வீடோ இல்லை."

விசாரணைக்கு அலுவலர் வரும்போது மகன்கள் பற்றியும் கேட்பார். சம்பாதிக்கும் மகன் இருக்கிறானா, கவனிக்கிறானா என்பது ஆதரவற்ற நிலையை மதிப்பிடும்போது இன்றும் பேசப்படுகிறது. தனியே சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். மகன் வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். பொய் சொல்லி வாங்கிய தொகை தெரியவந்தால் நிறுத்தப்படும், வாங்கியதைத் திருப்பிக் கட்டவும் சொல்வார்கள். எழுபது வயதில் அந்த நோட்டீஸ் வீட்டுக்கு வருவதைப் போலக் கொடுமை வேறில்லை.

தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "தகுதியில்லை" என்று ஒரே சொல்லில் முடிந்திருந்தால், விசாரணை அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். எந்தச் சொத்தை, எவ்வளவு மதிப்பில், யாருடையது என்று எழுதியிருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். தவறு அங்கேதான் இருக்கும். அதைக் காட்டி வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும். ஒவ்வொரு பிர்க்காவுக்கும் ஒரு நாள். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று ஒரே மேசையில் திறந்திருக்கும், கிராம நிர்வாக அலுவலரும் இருப்பார், மேலதிகாரியும் இருப்பார். பட்டா மாற்றம், கூட்டுப் பட்டா பிரிப்பு, உதவித்தொகை மனு மூன்றையும் அன்றே கொடுக்கலாம். உங்கள் பிர்க்காவுக்கு எந்தத் தேதி என்பதை முன்கூட்டியே கேட்டு, ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்யும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது மௌத்தானவர்களின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பத்திரங்களின் நகல் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்துச் செல்லுங்கள். ஒரு செட்டில் வரவு முத்திரை வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.